தேன்மொழியின் கணினியில் கோளாறு இல்லை

தவறு என்னுடையது. என் நிரலில் இருந்த பிழையை, உடன் வேலை பார்த்த தேன்மொழியின் கணினிமீது போட்டுவிட்டு நான் பதவி உயர்வு வாங்கினேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

நீங்கள் இந்தத் தொழிலில் இல்லாதவராக இருக்கலாம். ஆகவே சொல்லிவிடுகிறேன். இயங்குதளத்தின் அடிப்படையான கெர்னலில் எங்களுக்கு வேலை. ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு, தன்னைப் பல கார்டுகளாகக் காட்டிக்கொள்ளும். அந்த மெய்நிகர் கார்டுகள் ஒவ்வொன்றுக்கும் நினைவக முகவரிகளில் இடம் ஒதுக்க வேண்டும். நான் குடியிருக்கும் பாரிவாக்கத்தில் வயலை மனைகளாகப் பிரிக்கிறார்களே, அதே கதைதான். முதல் மனை எல்லைக்கல்லிலிருந்து தள்ளித் தொடங்கினால், வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் வம்பு.

அந்தத் தொடக்க எல்லையைக் கணக்கிடும் பகுதியை எழுதியவன் நான். ஒரு மெய்நிகர் கார்டின் அளவால் மீதியின்றி வகுபடும் முகவரியில் அது தொடங்க வேண்டும். நானோ ஏதோ ஒரு சின்ன எண்ணால் வகுபட்டால் போதுமென்று விட்டுவிட்டேன். என் கணினியில் தற்செயலாகச் சரியாக அமைந்து ஓடியது. தேன்மொழியின் கணினியில் வேறொரு கார்டும் செருகியிருந்ததால் இடம் தள்ளிப்போய், நின்றுபோனது.

"இன்னாபா, நீ எழுதின புரோகிராம் என் மெஷின்ல மட்டும் படுத்துக்குது? கொஞ்சம் பாரேன்," என்றாள்.

"என்கிட்ட நல்லாத்தானே ஓடுது. உன் கார்டுதான் பழுது."

எங்கள் அம்பத்தூர் அலுவலகத்தில் எல்லோரும் வாய்க்கு வாய் சொல்கிற பதில்தான். அதைப் பாவமென்று யார் நினைப்பார்கள்?

அன்று மாலையே அவள் அனுப்பிய பிழைப்பதிவைத் திறந்தேன். தொடக்க முகவரியைக் கண்டதும் தப்பு என் கணக்கில்தான் என்று புரிந்துவிட்டது. மென்பொருளின் வெளியீடு நெருங்கிக்கொண்டிருந்தது... மூடிவிட்டேன். ஆம், மூடிவிட்டேன்! அவளோ கார்டை மாற்றினாள், மதர்போர்டையே மாற்றினாள். கடைசியில் மேலாளர், "அவங்களுக்கு இந்த வேலை ஒத்துவரலை" என்று வேறு குழுவுக்குத் தள்ளிவிட்டார். அந்தக் கூட்டத்தில் நானும் நகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியீடு முடிந்ததும் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

வருடங்கள் ஓடின. சென்ற மாதம் முகமறியாத ஒருவர் அதே பிழையைப் பொது மின்னஞ்சல் குழுவில் எழுதினார். திருத்தத்தை அனுப்ப வேண்டியவன் நான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பழைய மாற்றத்தால் பிழை வந்தது, அதைக் கண்டு சொன்னவர் யார் என்று திருத்தத்திலேயே எழுத வேண்டும். உலகமே பார்க்கும். அந்த முகமறியாதவர் பெயரை மட்டும் போட்டு முடித்திருக்கலாம்... விரல்கள் அதைத்தான் தட்டின. ஆனால் முதலில் கண்டு சொன்னவள் யார்? அவளைக் கேட்காமல் அவள் பெயரைப் போடவும் கூடாது.

ஆவடியில் இருக்கும் அவளைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் பேச்சை நம்பி என்னையே சந்தேகப்பட்டுகினு இருந்தேன்பா," என்றாள். "கெர்னல்ல எழுதறதயே உட்டுட்டேன். வேற டீம்லயும் வாயத் தொறக்க பயம். அது இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"மன்னிச்சிடு தேனு..."

"அதெல்லாம் இப்ப பேசாத. திருத்துனத அனுப்பு. என் கையால ஓட்டிப் பாக்காம எதுலயும் என் பேரப் போடாத."

அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: 'ஓடுது. என் பேரைப் போட்டுக்கோ. ஆனா இடத்தை மறுபடி ஒதுக்குற பகுதியிலயும் அதே தப்பைப் பண்ணி வெச்சிருக்கே. அதை நான் திருத்தி அனுப்புறேன்.'

மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தாலும் மனம் துள்ளியது. அவள் மறுபடி எழுதுகிறாள்!

இன்று காலை அவள் திருத்தம் பொதுக்குழுவில் வந்தது. படித்தேன். நான் எழுதியதைவிட எளிமை, துல்லியம். பார்த்தவர்கள் பாராட்டுகிறார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று அவளைக் கேட்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான், சத்தியமாக! ஆனால் நீங்களே சொல்லுங்கள்... இவ்வளவு நன்றாக எழுதுகிறவளை இத்தனை வருடம் எழுதவிடாமல் வைத்தவன் நான்தானே?