ரேடியேட்டர் மேல் வைத்த பாம்பு

எங்கள் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் என் தம்பி வித்தெக்கைத் திருடன் என்று எழுதி ஒட்டினார்கள். பெயர் போடவில்லை. “ரேடியேட்டர் பார்க்க வருகிறவர் திரும்பும்போது கையில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள்” என்றுதான் இருந்தது. ஆனால் ரேடியேட்டர் பார்க்க வருகிறவன் ஒருவன்தானே. இருபத்தாறு வருடமாக அவன்தான்.

அவன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஐம்பத்திரண்டு ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடு ஐந்தாம் மாடியில் இருக்கிறான். எங்கள் ராடோம் நகரத்துக்கெல்லாம் ஒரே இடத்தில் தண்ணீர் கொதித்து, குழாய் வழியே வீடுகளில் ரேடியேட்டர் என்கிற இரும்புச் சூடேற்றிகளுக்கு வருகிறது. அக்டோபரில் அவர்கள் திறக்கிற நாளில்தான் எங்களுக்குச் சூடு. ஏப்ரலில் மூடினால் அத்தோடு சரி. திறந்த வாரத்தில் ரேடியேட்டர்களில் காற்று அடைத்துக்கொள்ளும். வித்தெக் வீடு வீடாகப் போய், சின்னச் சாவியால் திருகிக் காற்றை வெளியேற்றுவான். மொத்தம் இருநூற்று நாற்பது வீடு. வாசலில் ஷூவைக் கழற்றாமல் அவன் நுழைந்ததில்லை. ஒரு கம்பளத்தில்கூட ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் சிந்தியதில்லை.

போன வருடம் அக்டோபர் ஒன்பதாம் தேதி அவன் மூன்றாம் மாடியில் பிலார்ஸ்கி வீட்டுக்குப் போனான். பிள்ளைகள் அறையில், முந்தின வருடம் மேஜை மேல் இருந்த கண்ணாடிப் பெட்டி இப்போது ரேடியேட்டரின் மேலேயே இருந்தது. உள்ளே ஒரு பாம்பு. ஆப்பிரிக்காவில் இருக்கிற, பந்து போலச் சுருண்டுகொள்ளும் சின்ன ஜாதி மலைப்பாம்பு. அந்த வீட்டுப் பெரிய மகள் நடாலியா மூன்று வருடத்துக்கு முன் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கியபோது, ஞானஸ்நானத்தில் அவளுக்குப் பொறுப்பேற்ற ஞானத்தந்தை கொடுத்த பரிசு. எங்கள் காலத்தில் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். பிறகு சைக்கிள், அதன்பின் கம்ப்யூட்டர். இந்த மனிதர் பாம்பு வாங்கி வந்தார்.

எங்கள் ஊரில் ரேடியேட்டர் மேல் வைக்காதது எது? மாவு பொங்கவும் காளான் காயவும் சாக்ஸ் உலரவும் அதுதான் இடம். பாம்புக்குச் சூடு வேண்டும் என்றதும் அதையும் அங்கே வைத்துவிட்டார்கள். ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் இரும்பு ஜில்லென்று கிடந்தது. குளிர்ந்த உடம்பில் எதுவும் செரிக்காது, அதனால் பாம்பு சாப்பாட்டை நிறுத்தியது. பிறகு ஒரே காலையில் கொதிநீர் வந்தது. நகர்வதற்குத் தெம்பில்லாமல் கிடந்த பாம்பின் அடிவயிறு வெந்துபோனது.

“இதுக்கு அடியில போடற சூட்டு விரிப்பு எதுவும் குடுக்கலையாம்மா?” என்று வித்தெக் கேட்டிருக்கிறான்.

“அப்படியெல்லாம் ஒண்ணும் குடுக்கல” என்றாளாம் அந்த வீட்டம்மா பிலார்ஸ்கா. “ரேடியேட்டர் இருக்கறப்ப அது எதுக்கு? நடாலியா இப்ப அதத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. வேணும்னா நீங்க எடுத்துட்டுப் போங்க சார். இல்லேன்னா நாளைக்குக் குப்பைக் குழாய்ல போட்டுடுவேன்.”

அவன் முதலில் ரேடியேட்டர் வேலையை முடித்தான். பிறகு கழுத்துத் துணியில் பாம்பைச் சுற்றிக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே வந்தான். நான் கொழுக்கட்டைக்கு மாவு திரட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னடா அது?”

“மூணாம் மாடி மேடம். உடம்பு சரியில்ல.” துணிக்கு வெளியே ஒரு வால் நுனி தெரிந்தது; அதைத்தான் மேடம் என்றான்.

“என் சமையல்கட்டுக்குள்ள பாம்பா? உனக்கு மண்டை கழண்டுபோச்சா?”

“கத்தாதக்கா. அதுக்கு மூச்சு வாங்குது.”

இன்னும் கத்தத்தான் நினைத்தேன். அதற்குள் அவன் துணியை விலக்கினான். பழைய தோல் உரியாமல் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. இரண்டு கண்ணிலும் அந்தத் தோலே புகை படிந்த கண்ணாடி போல மூடியாகப் படிந்திருந்தது. தாடையின் கீழே மிளகுத்தூள் தூவியதுபோல உண்ணிகள். வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட்டது. ஓரத்தில் சளி நூலாகத் தொங்கியது. மாவுக் கிண்ணத்தைக் கழுவித் தராசில் வைத்து, அதில் பாம்பை விட்டு நிறுத்தேன். ஐந்நூற்று எண்பது கிராம். அன்றைக்கு நான் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தின் முதல் வரி அதுதான்.

நகரத்தின் மறுகோடியில் பாம்பு பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். பார்த்ததும் சீறினார். “ஒரு உயிர இப்படியா வச்சிருப்பீங்க? வெக்கமா இல்ல?” வித்தெக் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் நான் விடவில்லை. “நான் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“சொன்னா மேடத்துக்கு உடம்பு தேவலையாயிடுமா?”

மூன்று நாளைக்கு ஒருமுறை ஊசி. அதை உடம்பின் முன்பாகத்தில்தான் போட வேண்டும். நான் பிடித்துக்கொள்வேன், அவன் போடுவான். புண்ணுக்கு வெள்ளைக் களிம்பு. மண்ணோ மரத்தூளோ ஒட்டக்கூடாது என்பதால் வெறும் காகிதத் துண்டுதான் விரிப்பு, தினமும் மாற்றினேன். வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றி அதில் கால்மணி நேரம் விடுவோம். தோல் தானாக ஊறி வந்தால் எடுக்கலாம். கண் மூடியை மட்டும் தொடக்கூடாது. வித்தெக் ஒரு பழைய அலமாரியைப் பெட்டியாக்கி, ஒரு பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறுபக்கம் இருபத்தாறு டிகிரி நிற்கும்படி கருவி பொருத்தினான்.

“இருநூத்தி நாப்பது வீட்லயும் சூடு என் கையில இல்லக்கா. இந்த ஒரு வீட்லதான் இருக்கு” என்றான்.

டிசம்பர் நான்காம் தேதி அது முதல் எலியை விழுங்கியது. வித்தெக் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏப்ரலில் தோல் ஒரே துண்டாக, இரண்டு கண் மூடிகளோடு கழன்று வந்தது. மே முதல் வாரம் எடை தொள்ளாயிரத்து ஐந்து கிராம்.

அந்த வாரம்தான் பிலார்ஸ்கா எங்கள் மணியை அடித்தாள். சின்ன மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை நற்கருணையாம். நடாலியாவின் ஞானத்தந்தை நார்வேயிலிருந்து வருகிறாராம்.

“நம்ம பாம்ப எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். அடடா, எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு! இதக் காட்டலன்னா அவர் மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“அப்புறம் எங்க வைப்பீங்க?” என்று கேட்டேன்.

“பழைய இடத்துலதான். இப்பதான் ரேடியேட்டர் ஆறிப்போச்சே, சுடாதுல்ல?”

“முடியாதும்மா” என்றான் வித்தெக். குடியிருப்புக்காரர் ஒருவரிடம் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பலகையில் அந்தத் தாள். வெள்ளிக்கிழமை, அவனுக்குச் சம்பளம் கொடுக்கிற வீட்டுவசதிச் சங்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: திங்களுக்குள் பாம்பைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலையை விடு. வித்தெக் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. “அவங்களோடதுதானேக்கா” என்றான். கழுத்துத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தான், பாம்பை அதில் சுற்றிக் கீழே கொண்டுபோவதற்கு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் என் சாம்பல் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டினேன். நோட்டுப் புத்தகம், டாக்டரம்மாவின் தாள், அக்டோபரில் பிய்ந்து வந்த தோல் துணுக்குகள் இருந்த உறை, மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வித்தெக்கிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான்.

மேஜையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப விருந்தாளிங்க இருக்காங்க, அப்புறம் வாங்க” என்று பிலார்ஸ்கா கதவைச் சாத்தப் பார்த்தாள்.

“எனக்கு ஒரு பக்கம் படிக்கணும், அவ்வளவுதான்” என்று உள்ளே போய் நின்றேன். “அக்டோபர் ஒன்பது. எடை ஐந்நூற்று எண்பது கிராம். அடிவயிற்றில் தீப்பெட்டி நீளத்துக்குத் தீப்புண். இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது.” உறையைப் பிரித்து மேஜை விரிப்பில் கொட்டினேன்.

ஞானத்தந்தை கரண்டியைக் கீழே வைத்தார். பெரிய கைகள் கொண்ட மனிதர். “சூட்டு விரிப்பும் கருவியும் சேத்துத்தானே குடுத்தேன்? எங்க அது?”

பிலார்ஸ்கா சூப் சட்டியை மூடினாள்.

“தக்காளிக்கு அடியில இருக்கு” என்றாள் நடாலியா.

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். மே நடுவில் குளிர் தணிந்ததும் தோட்டத்தில் நடுவதற்காக, தயிர்க் கோப்பைகளில் நாற்பது தக்காளி நாற்றுகள். அவற்றின் கீழே கறுப்பு விரிப்பு. பக்கத்தில் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்றெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. அந்த வீட்டில் சூடு தெரியாதவர் யாருமில்லை. தக்காளிக்கு எத்தனை டிகிரி என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

ஞானத்தந்தை எழுந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சூப் தட்டுகளுக்கு நடுவில் வைத்தார். விரிப்பை உருவி, ஒயரைச் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

“நடாலியா, பாம்பு உனக்கு வேணுமா?”

“அந்த மாமாகிட்டயே இருக்கட்டும்.”

“அப்ப அது அவரோடது. நாளைக்குச் சங்கத்துல நானே போய்ச் சொல்றேன்.”

சொல்லவும் செய்தார். திங்கட்கிழமை தாள் போய்விட்டது. வேலையும் நிலைத்தது. ஆனால் பிலார்ஸ்கா வித்தெக்கிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விருந்தைக் கெடுத்தேன் என்றுதான் இன்றைக்கும் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வித்தெக் விரிப்பைத் திருப்பிப் பார்த்து, “மண்ணு ஒட்டியிருக்கு, தொடச்சிட்டு மாட்டறேன்” என்றதோடு சரி.

இந்த அக்டோபரில் சூடு திறந்ததும் அவன் பட்டியலில் பிலார்ஸ்கி வீடும் இருந்தது.

“அந்த வீட்டுக்குப் போகாதடா. நடுங்கிச் சாகட்டும்.”

“அங்க காத்து அடைச்சிருந்தா மேல இருக்கறவங்களுக்கும் சூடு ஏறாதுக்கா.”

போனான். வாசலில் ஷூவைக் கழற்றினான். நான் படிக்கட்டிலேயே நின்றேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்தான்.

“கையைக் காட்டுடா” என்றேன், எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி. “சாவி மட்டும்தான்! எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க!”

வித்தெக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அடித்தான்.