துரைசானி உளி பிடித்த கிணறு

தங்கவயலில் மின்விளக்கு வருவதற்கு முன்பே நான் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலைக்கு வந்துவிட்டேன். அது இருவர் செய்கிற வேலை. ஒருவன் நீண்ட இரும்பு உளியைப் பாறையில் பிடித்துக்கொள்வான். மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் உளியைச் சற்றே திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் சிக்கிக்கொள்ளும். அடி தவறினால் பிடித்தவன் கை போகும். எனக்கு உளி பிடித்தவர் என் மனைவியின் அண்ணன். பதினோரு வருஷத்தில் அவர் கையில் நான் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. கூட்டத்தில் பேச எனக்கு வராது. இதை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த நாளில் எங்கள் மில்லில், கல் நொறுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்க ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். மற்ற துரைகள் இங்கிலீஷ்காரர்கள். அவர்களுடைய கிளப்புக்கு இவர் போவதில்லை. தமிழை எங்களிடமே கற்றதால் எங்களைப் போலவே பேசுவார். கல்தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்ததும் வேலையை விட்டுவிட்டு, பூதிகோட்டை போகும் வழியில் நிலம் குத்தகைக்கு எடுத்தார். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், ஆறு மாடுகள். துரைசானி தானே உட்கார்ந்து பால் கறப்பதைப் பார்க்க அக்கம்பக்கத்து ஜனங்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். அவர் தலை நிமிராமல் கறந்துகொண்டிருப்பார்.

இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது. கிணறு வெட்ட வந்த ஆட்கள் முப்பது அடியில் பாறையைக் கண்டதும் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அமெரிக்காவில் பண்ணை வைத்திருந்த துரையின் அண்ணன், குடும்பத்தோடு அங்கே வந்துவிடும்படி எழுதியிருந்தார். வைகாசிக்குள் தண்ணீர் வராவிட்டால் மாடுகளை விற்றுவிட்டுக் கப்பல் ஏறுவது என்று துரை முடிவுசெய்தார். துரைசானிக்கு மனமில்லை. அவர்களுடைய ஆண் பிள்ளை ஒன்று பெரியம்மையில் போய், இந்த மண்ணில்தான் படுத்திருந்தது.

துரை எங்கள் தொழிலாளர் லைனுக்கே வந்து என்னைக் கேட்டார். "இன்னாப்பா, அந்தப் பாறைய உன்னால ஒடைக்க முடியுமா?"

நான் தலையாட்டினேன். மச்சான்தான் வாய் திறந்தார். "இன்னா தொர இப்டி கேட்டுட்டீங்க? நாங்க தெனமும் கடிக்கிற கல்லுதானே அது."

ஞாயிறுதோறும் போனோம். துளைப்போம், துளையில் வேட்டு மருந்தைத் திணித்துக் கெட்டிப்போம், திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓடுவோம். நாலு ஞாயிற்றில் எட்டடி இறங்கியது. பாறை ஈரம்கூடக் காட்டவில்லை. வைகாசியின் கடைசி ஞாயிறன்று மச்சான் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் தனியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். துரை உளியை எடுத்தார். இருமல் அவரைக் குனிய வைத்தது. துரைசானி அதை அவர் கையிலிருந்து வாங்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

கீழே உட்கார்ந்து உளியைப் பிடித்தார். நான் சம்மட்டியைத் தூக்கியவன் அப்படியே நின்றேன்.

"இன்னாப்பா, சம்மட்டி தூங்குதா?" என்று மேலிருந்து துரை கத்தினார்.

"தொரசானி கை கீதுங்க, தொர."

"அந்தக் கை ஒதைக்கிற மாட்டையே கறக்குது. நீ அடி!"

"அடி," என்றார் துரைசானியும், தன் அரைகுறைத் தமிழில். "நான் திருப்புது."

அடித்தேன். திருப்பினார். மச்சானைவிட ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்து முறை அடித்த பிறகு அவர் கையைப் பார்ப்பதை விட்டு உளியின் தலையை மட்டும் பார்த்தேன். மதியத்துக்குள் இரண்டு துளை போட்டோம். வேட்டு வெடித்துப் புகை அடங்கியபின் எட்டிப் பார்த்தால் ஒரே இருட்டு. துரை ஒரு கல்லை உள்ளே போட்டார். அது தண்ணீரில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. துரைசானி தரையில் உட்கார்ந்து அழ, இரண்டு பெண்களும் ஓடிவந்து அவர்மேல் விழுந்தார்கள்.

மாலைக்குள் முழங்கால் அளவு ஊறிவிட்டது. துரையின் நிலத்தில் வேலைசெய்த பூதிகோட்டை ஆட்கள் இருவர் குடத்தோடு வந்தார்கள். துரைசானி வாளியையும் கயிற்றையும் என்னிடம் நீட்டினார். ஆட்களில் மூத்தவருக்கு முகம் மாறியது.

"இவன் எறைச்சா நாங்க குடிக்க மாட்டோம்மா."

"குடிக்காதே," என்றார் துரைசானி. "மாடு குடிக்கும்."

ஆர்க்காட்டுப் பக்கம் என் சொந்த ஊரில் கிணறு வெட்ட எங்கள் சேரியைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் ஊறிய பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. என் அப்பா வெட்டிய மூன்று கிணறுகளில் ஒன்றிலிருந்தும் அவர் ஒரு கை அள்ளிக் குடித்ததில்லை. நான் வாளியை இறக்கினேன். கலங்கல் தண்ணீர், மருந்து வாடை வேறு. வயிறு நிறையக் குடித்தேன்.

அவர்கள் கப்பல் ஏறவில்லை. கிணற்றுப் பேச்சு சுற்றுவட்டாரத்தில் பரவியது. அடுத்த கோடையில் நிலக்காரர்கள் மூன்று பேர் என்னைத் தேடி லைனுக்கு வந்தார்கள். மச்சான் பேச வாயெடுத்தார். நான் அவரைத் தடுத்துவிட்டு நானே பேசினேன்.

"பாறைய ஒடைச்சுத் தர்றேங்க. தண்ணி வந்தா மொத வாளி நான் எறைச்சுக் குடிப்பேன். அதுக்கப்புறம் எங்காளுங்க யார் வந்தாலும் எறைப்பாங்க."

ஒருவர் எழுந்து போய்விட்டார். இன்னொருவர் தெலுங்கில் திட்டிக்கொண்டே அவர் பின்னால் போனார். மூன்றாமவருடைய கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. அவர் போகவில்லை.

"எப்ப வர்ற?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெழம," என்றேன்.