பழனாள் பேச ஓர் இடம்

1994, மே மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் போத்தனூரில் டவுன் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கினேன். உடுமலைப்பேட்டை வண்டி புறப்படத் தயாராக இருந்தது. கட்டணம் ஒன்பது ரூபாய் ஐம்பது காசு, தூரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. என் துணிப்பையில் டெஸ்டர், இன்சுலேஷன் டேப், பத்து மீட்டர் ஒயர், அளவு நாடா, ஒரு டப்பா தயிர்சாதம். பம்பு மோட்டார் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. எங்கே போனாலும் பையை ஒருமுறை சரிபார்க்காமல் காலெடுத்து வைக்க வராது.

கூட வந்தவர் வக்கீல் அருளப்பன் சார், எங்களுக்கு அடுத்த தெரு. அவரும் சில ஆசிரியர்களும் சேர்ந்து மக்கள் உரிமைக்காக ஒரு சிறிய அமைப்பு நடத்துகிறார்கள். எனக்குச் சட்டம் தெரியாது. மைக் கட்டுவது, பேசுகிறவர்களின் குரலைப் பதிவு செய்வது, அவ்வளவுதான் என் பங்கு. அமைப்பின் சொத்து என்று பார்த்தால் ஓர் ஆம்பிளிஃபயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு டேப் ரிக்கார்டர்.

நாங்கள் போனது ஓர் இடம் தேடி. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பழனாள் என்ற பெண் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். அதற்கென்று உடுமலையில் பிடித்து வைத்திருந்த கல்யாண மண்டபம் வியாழனன்று கை நழுவிப் போயிருந்தது.

பழனாளின் கணவர் சின்னான் தென்னை மரம் ஏறுகிறவர். போன ஐப்பசி மழையில் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து மோட்டார் காணாமல் போனது. ஒயர் அறுந்து தொங்கியது. அந்த வாரம் தோட்டத்துக்கு வந்துபோனவர் யார் என்று கேட்டபோது சின்னானின் பெயர் சொல்லப்பட்டது. இரண்டு நாள் காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவருக்கு வலது தோள் மேலே எழவில்லை. மரம் ஏறுகிறவருக்குத் தோள் போனால் என்ன மிச்சம்? இந்தச் சித்திரையில் கிணறு வற்றியதும் மோட்டார் அடியிலேயே கிடந்தது. அதைத் தாங்கியிருந்த இரும்பு துருப்பிடித்து முறிந்ததில், மோட்டார் பலகையோடு உள்ளே போயிருக்கிறது. போகிற வேகத்தில் ஒயரை அறுத்திருக்கிறது. திருட்டே நடக்கவில்லை.

இதற்காகப் போலீஸ் மீது போட்ட வழக்கை அருளப்பன் சார் நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் பழனாளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. எங்கள் அமைப்பின் அறைக்கு வந்தபோது அவர் சொன்னதை நான் பதிவு செய்தேன். "திருடன்னு சொன்னது ஊருக்கே கேட்டுச்சுங்க. இல்லீன்னு ஆனது யாருக்குங்க கேட்டுச்சு?"

கோயம்புத்தூரில் எங்களுக்கு இலவசமாக ஒரு ஹால் உண்டு. அங்கே பேச அவர் ஒப்பவில்லை.

கிணத்துக்கடவில் குன்றின்மேல் கோயில் தெரிந்தது. அதைத் தாண்டியதும் மேற்கேயிருந்து கணவாய்க் காற்று சன்னல் வழியாக முகத்தில் அடித்தது. பொள்ளாச்சியில் டீக்கு நிறுத்தினார்கள். அப்புறம் உடுமலை வரை இரு பக்கமும் தென்னைதான். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்கச் சின்னான்தான் நினைவுக்கு வந்தார்.

எட்டரைக்கு உடுமலை. பழனாள் பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, நன்றாகத் துவைத்த ஊதா நிறப் புடவை.

முதலில் மண்டபக்காரர் வீட்டுக்குப் போனோம். "ஏனுங்க வக்கீலய்யா, வாங்க வாங்க. மொதல்ல சாப்புடோணும், பொறவுதான் பேச்சு!" சந்தகையும் தேங்காய்ப்பாலும் வந்தன. எங்கள் இருவருக்கும் உள்ளே மேசையில் எவர்சில்வர் தட்டு, பழனாளுக்கு வெளியே தரையில் இலை. அருளப்பன் சார் எழுந்து, "எங்களுக்கும் எலையே போட்டுருங்க, காத்தாட இருக்கும்" என்று பழனாளுக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நானும் போனேன். மண்டபக்காரர் தடுமாறிப்போய் எங்கள் மூவருக்கும் தேங்காய்ப்பாலை மறுபடி ஊற்றினார். பிறகு, "ஞாயித்துக்கெழமை பெயிண்ட் அடிக்கறமுங்க" என்றார்.

தெருவுக்கு வந்ததும் பழனாள் மெல்லச் சொன்னார்: "ரெண்டாவது தடவ பாலு ஊத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க."

அடுத்து வியாபாரிகள் சங்கம். இளநீர், பன், காபி, கடைசியில் "கமிட்டியில வெச்சுச் சொல்றமுங்க." பிறகு ஒரு தனியார் பள்ளி. முறுக்கு, மோர், "லீவுங்களே, சாவி வெளியூரு போயிருக்குது." ஒருவர்கூட முடியாது என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. என் மேனேஜரும் லீவு தர மனமில்லாத நாளில்தான் காபி வரவழைப்பார். கொங்கு நாட்டில் வயிறு நிறைந்துவிட்டால் வந்த காரியத்தை மறந்துவிட வேண்டியதுதான். பன்னிரண்டரை மணிக்கு என் தயிர்சாத டப்பா திறக்காமல் அப்படியே இருந்தது.

"பழனாளம்மா, கோயமுத்தூர்லயே வெச்சுக்கலாமா? வண்டி அனுப்பறனுங்க" என்றார் சார்.

பழனாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "ரோசன பண்ணிப் பாத்தா உடுமலையுமே வேண்டாமுங்க. இங்க பேசுனா உடுமலைக்குத்தான் கேக்கும். எங்கூர்ல பண்ணாடிச்சி களம் இருக்குதுங்க."

நிலக்காரர் வீட்டு அம்மாவை அந்தப் பக்கம் பண்ணாடிச்சி என்பார்கள். எந்தப் பண்ணாடிச்சி என்று கேட்டேன்.

"மோட்டாரு காணாமப் போச்சுல்லங்க, அவிகதான். பேரைச் சொன்னதும் அவிகதான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசனை ஓடும்போது அவர் செய்வது அது. "கேட்டுப் பாக்கறதுல தப்பில்ல" என்றார் கடைசியில்.

அமராவதி அணைக்குப் போகும் சாலையில் எட்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் ஒன்றே கால் ரூபாய். ஊர்ப் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நிறுத்தத்திலிருந்து களம் கூப்பிடு தூரம்தான், நடுவே அறுவடை முடிந்த காடு. களம் முழுக்க உடைத்த தேங்காய் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ராமாத்தாள் என்கிற அந்த அம்மா, ஐம்பது வயதுக்காரர், தலையில் துண்டு போட்டுக்கொண்டு தேங்காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

பழனாள் என் காதருகே, "ஒண்ணுங் குடுக்கலீங்க பாருங்க" என்றார். அவர் குரலில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

சார் விஷயத்தைச் சொன்னார். ராமாத்தாள் குனிந்த தலை நிமிராமல் கேட்டார்.

"ஏம்புள்ள பழனா, என்னைய வையறதுக்கு என்ற களமே வேணுமா உனக்கு?"

"வைய மாட்டனுங்க. நடந்ததைச் சொல்லுவனுங்க."

"அது வையறத உட மோசமாச்சே."

"ஆமாங்க" என்றார் பழனாள்.

ராமாத்தாள் ஒரு வரிசை முழுக்கத் திருப்பி முடித்தார். எனக்கு உச்சிவெயிலில் தலை சுட்டது.

"சின்னான் கை எப்புடி இருக்குது?"

"சோத்தைப் பெசையறாருங்க. தலைக்கு எண்ணெய் நாந்தான் வெச்சு உடறனுங்க."

ராமாத்தாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார், துடைத்த பின்னும் துண்டை எடுக்காமல் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஆரு அம்மணி, மைக்கு செட்டா?"

"ஆமாங்க."

"தேங்காய மிதிக்கப்படாது. சனிக்கெழமையே நீங்களே வாரி ஓரங்கட்டிக் குடுக்கோணும். பாயி நான் தர மாட்டேன், சமக்காளம் கொண்டாந்துக்கங்க. கரண்டு அந்த மோட்டார் ரூம்புல இருந்து இழுத்துக்க."

மோட்டார் அறைக்குப் போனேன். உள்ளே செம்புக் கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிய அந்த மோட்டாரை இப்போது கிணற்றுக்குள் இறக்காமல் மேட்டிலேயே கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். டெஸ்டரை வைத்தேன், விளக்கு எரிந்தது. எர்த் சரியாக இருந்தது. பிளக்கிலிருந்து களத்தின் நடுவுக்கு நாடா பிடித்தால் பதினெட்டு மீட்டர். என் பத்து மீட்டர் ஒயர் போதாது.

வெளியே வந்து, கூம்புகளைக் கிழக்கே கட்டினால் காற்று குரலை எடுத்துப்போகும் என்றேன்.

"கெழக்கால என்ன இருக்குது, வெறுங்காடு!" என்றார் ராமாத்தாள். தென்னைகளுக்கு அப்பால் ஓட்டுக் கூரைகள் தெரிந்த பக்கம் கை நீட்டினார். "ஊருப் பக்கமாத் திருப்பி வெய்யி. நான் சொன்னது அங்கதான் போச்சு."

மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. புறப்படும்போது பழனாளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். மைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்தால் ஆம்பிளிஃபயரை எவ்வளவு வைப்பது என்று எனக்குக் கணக்கு கிடைக்கும். நாங்கள் நிறுத்தத்துக்குப் போனதும் களத்தில் நின்றபடி ஏதாவது பேசச் சொன்னேன்.

"இங்க நின்னு சத்தமாப் பேசிப் பழக்கமில்லீங்களே" என்றார். எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. போத்தனூரில் ரயில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்தவள் நான். சில இடங்களில் நின்று குரலை உயர்த்தக்கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

நிறுத்தத்தில் நின்று கவனித்தோம். களத்தில் ஊதாப் புடவை நின்றது தெரிந்தது. காதில் எதுவும் விழவில்லை. வாய் அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பஸ் வந்து நின்றது.

அப்போது ராமாத்தாளின் குரல் காட்டைத் தாண்டித் தெளிவாக வந்தது: "அது எவத்திக்குடி கேக்கும்? சத்தமாச் சொல்லு புள்ள!"

பிறகு பழனாள்: "எங்கூட்டுக்காரரு திருடலீங்க!"

ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சன்னலோரம் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆருங்க அது? என்னத்தத் திருடலீங்களாம்?" என்று கேட்டார்.

"மோட்டாருங்க" என்றேன்.

"அட, நம்ம சின்னானுங்களா? அப்ப மோட்டார எவன் எடுத்தான்?"

"ஒருத்தரும் எடுக்கலீங்க, கெணத்துக்குள்ளயே கெடந்துச்சு" என்றார் அருளப்பன் சார், படியில் ஏறிக்கொண்டே. "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை அந்தக் களத்துக்கு வாங்க. அவிகளே சொல்லுவாங்க."

வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ, "என்ன சொன்னாங்க, எனக்குக் கேக்கலீங்க" என்றார்கள். இன்னொருவர் அவருக்கு எடுத்துச் சொன்னார். உடுமலை வரும்வரை பஸ்ஸுக்குள் அந்தப் பேச்சுதான். பையைத் திறந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவர வேண்டியவற்றை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன்: முப்பது மீட்டர் ஒயர், சமக்காளம், கூம்பு கட்டக் கயிறு. ஆம்பிளிஃபயரைப் பாதி வைத்தால் போதும்.

பிறகு டப்பாவைத் திறந்தேன். தயிர் புளித்திருந்தது. சாரும் நானும் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டு முடித்தோம்.