கங்கம்மா சேவலும் செங்கம்மாவின் பொறியும்

நகரிக்குக் கிழக்கே மூன்று மைலில் எங்கள் ஊர். செங்கம்மா எனக்கு அடுத்த கொல்லைக்காரி. ஆந்திரா தனி மாநிலமான மறு வருஷம் அது. எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் திரும்பிப் போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று ஆண்கள் நாங்கள் டீக்கடையில் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தோம். செங்கம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளுக்கு இருந்த ஒரே கவலை காட்டுப்பூனை.

அவள் கொல்லையை ஒட்டி சர்க்கார் காடு. பதினைந்து நாளில் ஒன்பது கோழி போயிற்று. அதில் நான்கு, ஊர் அம்மன் கங்கம்மாவின் ஜாத்திரைத் திருவிழாவுக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் கயிறு கட்டி விட்ட சேவல்கள். வயிறு எரிந்துபோனவள் பலகையால் ஒரு பொறி அடித்து, தன் பட்டா நிலத்துக்குள்ளேயே வைத்தாள். பூனை மாட்டியது. உலக்கையால் ஒரே போடு.

சேதி கேட்டு ஃபாரஸ்ட் கார்டு வந்து பொறியைத் தூக்கிக்கொண்டார். மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றுச் சேவல்களைக் காட்டி, "எவரி கோள்ளு? யாரு கோழிம்மா இது?" என்றார்.

"கங்கம்மா கோழிங்க" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேறு பதில் கிடையாது. நேர்ந்து விட்டதை என்னுடையது என்று எவளும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டாள். கார்டு அதை அப்படியே தெலுங்கில் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

காட்டு மிருகத்தைப் பொறி வைத்துக் கொன்றதாகப் புத்தூர் கோர்ட்டில் வழக்கு. ஒப்புக்கொண்டால் அபராதம், மறுபடி மாட்டினால் ஜெயில் என்றார்கள். "ஒத்துக்கோ அக்கா, தொல்லை வுடும்" என்று முதலில் சொன்ன கோழை நான்தான். அவள் புருஷன் எத்திராஜும் தலையாட்டினார்.

"ஒத்துக்கினா? அப்பால பூன வந்து துன்னுக்கினே இருக்கும், நா ஜெயிலுக்குப் பயந்து பாத்துக்கினே இருக்கணுமா? போங்கய்யா ரெண்டு பேரும்" என்றாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் பட்டாவைப் பார்த்தார். சொத்தைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு மிருகத்தை அடித்தால் குற்றமில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. உடனே சர்க்கார் வக்கீல் எழுந்து அந்தக் கைநாட்டுக் காகிதத்தை நீட்டினார். கோழி தன்னுடையது இல்லை என்று இவளே சொல்லியிருக்கிறாள், பிறகு எந்தச் சொத்தைக் காப்பாற்றினாள் என்று கேட்டார்.

"நீ சொன்னது நிஜமா?" என்று மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டார்.

செங்கம்மா தமிழிலேயே பதில் சொன்னாள். "நெசந்தான் சாமி. அம்மாவுக்கு வுட்டது அம்மாவுதுதான். ஆனா ஜாத்திரை வரிக்கும் தீனி போடறது நானு, மழை வந்தா கூடை போட்டு மூடறது நானு. ஒண்ணு கொறைஞ்சா அம்மா கார்டு வூட்லயா போய்க் கேப்பா? என்னத்தானே கேப்பா!"

கோர்ட்டே சிரித்தது. வக்கீல்கூடச் சிரித்தார். மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்காமல் எழுதினார். பொருள் யாருடையதாக இருந்தாலும், காப்பாற்றும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அந்த உரிமை உண்டு. செங்கம்மா குற்றவாளி அல்ல. பொறியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எத்திராஜ் கும்பிட்டுவிட்டு நகரப் பார்த்தார். அவள் நகரவில்லை.

"சாமி, நாளைக்கு இந்தக் கார்டு மாறிப் பூடுவாரு, வேற ஒருத்தரு வருவாரு. இப்ப சொன்னத எனக்கு ஒரு காயிதத்துல குடுங்க."

தீர்ப்பு நகலுக்கு மனு எழுத என்னை அனுப்பினாள். கைநாட்டு வைப்பவளுக்குத் தோன்றியது, பேப்பர் படிக்கிற எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பொறியைத் தலையில் வைத்துக்கொண்டு, நகலை இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் நிலையம் வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

அந்த வருஷமே எங்கள் ஊரில் பதினோரு கொல்லையில் பொறி வைத்தார்கள். கார்டுகள் மாறி மாறி வந்தார்கள். வந்தவர் வாய் திறக்கும் முன்பே யாராவது ஓடிப்போய்ச் செங்கம்மா வீட்டிலிருந்து அந்தக் காகிதத்தை வாங்கி வந்துவிடுவார்கள். படித்துப் பார்த்துவிட்டு, ஒருவர்கூட அப்புறம் ஒரு பொறியைத் தொட்டதில்லை.