கியர் இல்லாத கார்

கோப்பாய் நமசிவாயம் முப்பது வருடங்களுக்கு மேல் பஸ் ஓட்டியவர். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு, பிறகு அங்கிருந்து திரும்பி யாழ்ப்பாணத்துக்கு. ஊரில் பாதிப்பேரை வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்றி இறக்கியவரிடம் சொந்தமாக ஒரு கார் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கிடைத்த காசில் பழைய கார் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. எந்தக் கார் என்பதில்தான் வீட்டில் இழுபறி.

அவர் மனைவி ஞானாம்பிகை கூட்டுறவுக் கடையில் நெடுங்காலம் மனேஜராக இருந்தவர். அவர் பார்த்து வைத்தது ஒரு சின்ன ஹைபிரிட் கார். கியர் போடத் தேவையில்லை. பெற்றோலை முகர்ந்து பார்த்தே ஓடிவிடும் என்று விற்பவர் சொன்னார்.

நமசிவாயத்தின் கண் வேறொன்றில் இருந்தது. சாவகச்சேரியில் வின்சன்ற் என்ற கட்டட ஒப்பந்தக்காரர் விற்க வைத்திருந்த நீளமான பழைய கார். ஐந்து கியர், கனமான கதவுகள், ஸ்டாட் பண்ணியதும் அடிவயிற்றிலிருந்து எழும் ஒரு சத்தம்.

"உது பெற்றோலைக் குடிக்குமெல்லே? பென்சன் முழுக்க பெற்றோல் செட்டுக்குத்தான் போகும்" என்றார் ஞானாம்பிகை.

"ஓடுறதெண்டால் கையிலை காலிலை வேலை இருக்கோணும். நீர் பார்த்து வைச்சதிலை ஒண்டுமில்லை. கதிரையிலை இருக்கிறமாதிரி."

"கதிரையிலை இருந்தபடி கீரிமலைக்குப் போகேலுமெண்டால் நல்லதுதானே!"

வின்சன்ற் நல்ல மனிதர். "அண்ணை, ஒருநாள் கொண்டுபோய் ஓடிப் பாருங்கோ. பிடிச்சால் கதைப்பம்" என்று கார்த் திறப்பைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் தொண்டைமானாற்றுக்குப் புறப்பட்டார்கள். அச்சுவேலி தாண்டி வீதி வெளித்ததும் நமசிவாயம் கியரை மாற்றினார். கார் ஒரு மூச்சு எடுத்து முன்னால் பாய்ந்தது. வளைவில் கியரை இறக்கி, நேரில் ஏற்றி, இடைக்கிடை தனக்குள் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு அவர் ஓட்டினார். பஸ் ஓட்டும்போது அவர் இப்படிச் சிரித்து ஞானாம்பிகை கண்டதில்லை. அங்கே செல்வச்சந்நிதிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரும்போது, இந்தக் காரையே வாங்கிவிடலாமோ என்று அவருக்கும் தோன்றியது.

திரும்பும் வழியில் வீதி திருத்தம். ஒரு பக்கம்தான் திறந்திருந்தது. ஊர்வதும் நிற்பதுமாக, கிளச்சை மிதித்து மிதித்து வீடு வந்து சேர்ந்தார்கள். ஞானாம்பிகை இறங்கிப் படலையைத் திறந்தார். கார் உள்ளே வந்து நின்றது. நமசிவாயம் இறங்கவில்லை.

"என்ன, இறங்கேல்லையோ?"

"கொஞ்சம் பொறும்."

இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. வேலையின் கடைசிக் காலம் முழுக்க இந்த நோவோடுதான் ஓட்டியிருக்கிறார் என்று அப்போது அவர் சொல்லித்தான் மனைவிக்குத் தெரியவந்தது. சொன்னால் சாரதி ஆசனத்திலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஞானாம்பிகை கார்க் கதவைத் திறந்தார். தன் தோளைக் கொடுத்து இறக்கிக் கூட்டிப்போனார்.

காரை எடுக்க வின்சன்ற் வந்தபோது நமசிவாயம் சொன்னார்: "கார் திறம் கார், தம்பி. என்ரை கால்தான் காணாது."

சின்னக் கார் வந்தது. நமசிவாயம் அதைக் கிளினிக்குக்குக் கொண்டு போவார், வருவார், மாமரத்தின் கீழே விட்டுவிட்டு இறங்குவார். கார் நல்லதென்றும் சொன்னதில்லை, கூடாதென்றும் சொன்னதில்லை. கிழமைக்கணக்கில் அது இலைகளைச் சுமந்துகொண்டு நின்றது.

ஒரு காலை ஞானாம்பிகை தும்புத்தடியால் அந்த இலைகளைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நிக்கிற கார் பெற்றோல் மிச்சம் பிடிச்சு என்ன செய்ய? எனக்கு ஓடப் பழக்குங்கோ."

"உமக்கோ? இந்த வயசிலையோ?"

"கியர் இல்லைத்தானே. கதிரையிலை இருக்கிறமாதிரி எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை எல்லாம் முடித்து, காரில் பழகுநருக்கான எல் போட்டைக் கட்டினார் ஞானாம்பிகை. கைதடிப் பக்கம் போகும் நேர் வீதியில் பழக்கம். முதல் நாள் ஸ்டியறிங்கை நீர் இறைக்கும் கயிறுபோல இறுக்கிப் பிடித்தார். "கையை இளக விடும். அது ஓடாது, நீர்தான் ஓடவேணும்" என்றார் நமசிவாயம். ஒரு மாட்டுக்காகச் சடாரென்று பிறேக் அடித்தபோது, இருந்த இடத்திலேயே நமசிவாயத்தின் காலும் தரையை அமத்தியது. மாடு தப்பியது. இருவரும் சிரித்தார்கள்.

ஓட்டப் பரீட்சையின் இரண்டாம் தடவையில் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அதற்குப் பிறகு ஞானாம்பிகையைப் பிடிக்க முடியவில்லை. கீரிமலைக்கு, சந்நிதிக்கு, சாவகச்சேரிச் சந்தைக்கு, காரணமே இல்லாமல் காங்கேசன்துறைக்கு. பெற்றோல் செட்டில் நமசிவாயம் மெல்லக் கேட்டார்: "இந்தக் கிழமை இது ரெண்டாந்தரமெல்லே?"

"ஓம்" என்றார் ஞானாம்பிகை, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு. "முழுக்க அடிக்கச் சொல்லுங்கோ."

போன மாசியில் பூநகரிப் பக்கம் போனார்கள். நமசிவாயம் இடது பக்கத்தில், காலை நீட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தார். சங்குப்பிட்டிப் பாலத்தடியில், கடல்நீரேரியில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. எத்தனையோ தடவை நீரேரிகளைக் கடந்தவர்தான். ஆனால் முன்னால் போகிற சைக்கிளையும் பின்னால் வருகிற லொறியையும் தவிர வேறெதையும் பார்க்க அவருக்கு அனுமதி இருந்ததில்லை.

"இஞ்சரும், பறவையளைப் பாரும். கொஞ்சம் மெதுவாப் போமன்."

"என்னாலை பார்க்கேலாது. நான் ஓடுறனெல்லே? நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார் ஞானாம்பிகை.

அவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.