ஆனைமணிச் செடி

கல்யாணமாகி மலையேறி வந்த முதல் வருஷம் அது. என் வீட்டுக்காரர் தேவனூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஐப்பசியில் ஏற்காடு போனவர், அங்கே ஒரு காப்பித் தோட்டத்துத் துரைசானி கொடுத்தாரென்று ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பினார். உள்ளே கறுத்துச் சுருங்கிய கிழங்குகள். பெரிய ஆட்டுப் புழுக்கை என்றுதான் நினைத்தேன்.

"அனிமோன். சீமைப் பூ. குளிர் இருந்தாத்தான் பூக்கும். நம்ம மலையில வரும், பாரு" என்றார்.

சாமை விதைக்கிற பக்கத்து வீட்டு அக்காவின் காதில் அது ஆனைமணி என்று விழுந்தது. ஊருக்கே ஆனைமணி ஆகிவிட்டது.

தண்ணீரில் ஊறிய கிழங்குக்கு எது தலை, எது கால் என்று என் வீட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார்.

"ஏனுங்க, படுக்க வச்சுருங்க. எந்திரிக்கிறது அதும்பாடு" என்றேன். முறைத்துவிட்டுப் படுக்கத்தான் வைத்தார்.

சில வாரத்தில் முளைத்தது. இலை அசல் கொத்தமல்லி.

"இதுக்கா வாத்தியாருங்க ஏற்காடு வரைக்கும் போனீங்க? கேட்டிருந்தா நானே ஒரு கைப்பிடி வெதை குடுத்திருப்பனுங்களே!" என்றார் அக்கா, வேலிக்கு அந்தப்புறமிருந்து.

வாத்தியார் முகம் சுண்டிப்போனது. துரைசானி பொட்டலத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாரோ என்று சந்தேகம். மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்த்திருக்கிறார். நாக்கு எரிந்து, உதடு வீங்கி, மோர் கேட்டுக் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு நாள் பேச்சில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டைப் பலகையில் எழுதிவிட்டுப் பிரம்பால் தொட்டுக் காட்டினாராம்.

ஆபத்தில்லை என்று தெரிந்ததும் கேட்டேன்: "ரசத்துக்கு ரெண்டு தழை கிள்ளிப் போடட்டுங்களா?"

முறைக்கப் பார்த்தார், முடியவில்லை. வீங்கிய உதட்டைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

மாசியில் ஐந்து பூ பூத்தது. நல்ல சிவப்பு, நடுவில் மை வைத்த மாதிரி கறுப்பு. கேலி பேச வந்த அக்கா அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கொண்ணு தருவீங்களா, சாமி?"

என்னைச் செடிக்குக் கிட்டேயே அண்டவிடாத மனுஷன், உடனே ஒன்றை அறுத்து நீட்டினார்.

"அப்ப எனக்குங்க?"

"நாளைக்கு" என்றார்.

மூன்றாம் நாள்தான் கிடைத்தது, இருந்ததிலேயே சின்னது. வாசமே இல்லை. ஆனாலும் இதழ் உதிரும்வரை கொண்டையிலிருந்து அதை நான் எடுக்கவில்லை.