பூட்ஸ் தெரிந்த ஜன்னல்

சிகாகோவுக்கு வந்த முதல் வாரமே ஹொனோரா டியர்னி தன் காலணி ஒன்றைத் தெருச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டாள். அடுத்த வருடம் கணவனைக் காலரா கொண்டுபோனது. அழுது முடித்தாள். அயர்லாந்துக்குத் திரும்பக் கப்பலேற மனம் வரவில்லை. ஆற்றோரம் ஒரு மரவீட்டைப் பிடித்து, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையுமாக விடுதி நடத்தினாள்.

ஊர் ஏரி மட்டத்துக்குக் கிடந்ததால் சாக்கடை ஓட வழியில்லை. நகரசபை குழாய்களைத் தரைக்கு மேலேயே போட்டு, மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்திவிட்டது. ஹொனோராவின் வீடு பள்ளத்தில் நின்றது. சமையலறை ஜன்னலில் போகிற வருகிறவர்களின் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. வீட்டையும் தூக்கியாக வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கும் மேஸ்திரி லஸ்க், ஐந்து நாள் எல்லோரும் வெளியே இருக்கவேண்டும் என்றான். எதிர்ச்சாரியில் ஜெர்மன்காரி டொரோதியா கெஸ்லரும் விடுதிதான் நடத்தினாள். அவளுடைய பன்றி வறுவலை ஒரு வேளை ருசித்தவன் இந்தப் பக்கம் திரும்பி வரமாட்டான். ஆட்கள் போனால் பிழைப்பும் போச்சு.

"நாங்க உள்ளயே இருக்கோம். நீ பாட்டுக்குத் தூக்கு," என்றாள் ஹொனோரா.

"அடுப்பு எரியுறப்ப வீடு ஆடுச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம். மேசைமேல் ஒரு கிண்ணம் நிறைய சூப். ஒரு சொட்டு சிந்தினாலும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியேறுவது.

லஸ்க் விசில் ஊதும்போதெல்லாம் வீட்டடியில் வரிசையாக நின்ற ஆட்கள் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்று திருப்பினார்கள். மேலே ஹொனோரா உருளைக்கிழங்கு உரித்தாள். கெஸ்லர் தினமும் ஜன்னல் பக்கம் வந்து நின்று, வறுவல் சூடாக இருக்கிறது என்று குரல் கொடுத்தாள். முதல் நாள் அவள் பூட்ஸ் தெரிந்தது. மறுநாள் பாவாடை. அதற்கடுத்த நாள் ஏப்ரன்.

அன்றுதான் அடியில் ஓர் உத்திரம் முனகியது. சூப் விளிம்புக்கு ஏறியது. விடுதியில் தங்கியிருந்த டின்னி காரஹன் குனிந்து ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிட்டான். ஓடிவந்த லஸ்க் கிண்ணத்தைப் பார்த்தான்.

"பாதியக் காணோமே?"

"சிந்தலியே. பசிச்சுது, குடிச்சேன்."

லஸ்க் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போய், உத்திரத்துக்கு இரண்டு முட்டுக் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னான்.

ஐந்தாம் நாள் ஜன்னலில் கெஸ்லரின் முகம் நேருக்கு நேர் தெரிந்தது. உள்ளே மேசை நிறைய ஆட்கள், ஒருவன்கூடக் குறையவில்லை. கெஸ்லர் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த வாரம் என் வீட்டத் தூக்குறாங்க. எனக்கு இந்த ஆட்டமெல்லாம் பயம். என் ஆளுங்களுக்கு நீ சோறு போடுவியா?"

ஹொனோரா கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"வரச்சொல்லு, நல்லாப் போடறேன். திரும்பி வருவாங்களான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத."